எடைக்குப் போடுமுன் சுவரைப் பாருங்கள்!



எடை போட்டு விற்கும் சரக்கு உண்டு. எண்ணி விற்கும் சரக்கும் உண்டு. பருப்பை எடை போடுகிறோம், சோப்பை எண்ணிக் கொடுக்கிறோம். இந்த வேறுபாடு தெரியாதவர் ஒரு நாளும் கடை நடத்த முடியாது. ஆனால், நம்முடைய கடைப் பரணிலும் வீட்டு அறையிலும் கிடக்கும் பழைய சாமான்கள் விஷயத்தில் மட்டும் இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடுகிறோம். எண்ணி மதிப்பிட வேண்டியதைக் கிலோக் கணக்கில் காயலான் கடைக்குத் தள்ளிவிடுகிறோம்.

இது பெரும்பாலும் மூன்று சமயங்களில் நடக்கிறது. கடையைப் புதுப்பிக்கும்போது, பாகப்பிரிவினை நடக்கும்போது, போகிக்கு முதல் நாள். கண்ணாடிக் கதவும் கணினி பில்லும் வரும் என்றவுடன் கல்லாப்பெட்டி வெளியே போகிறது. அதோடு தட்டுத் தராசு, படி, உழக்கு, இரும்புப் படிக்கல், தேயிலைக் கம்பெனியும் சோப்புக் கம்பெனியும் கொடுத்த எனாமல் போர்டு எல்லாம் ஒரே வண்டியில் ஏறுகின்றன. வருடா வருடம் ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்ட தராசு அது. பொட்டின் கறை காயுமுன்பே அதை இரும்பு விலைக்குப் போட்டுவிடுகிறோம்.

பிறகு என்ன நடக்கிறது? அதே தராசு சுத்தம் செய்யப்பட்டு, வார்னிஷ் பூசப்பட்டு, ஏதாவது ஒரு பெரிய ஓட்டலின் சுவரில் தொங்குகிறது. அங்கே சாப்பிடப் போகும் நம் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாம் விற்றது இரும்பு. வேறொருவர் விற்றது நம்முடைய கடையின் வரலாறு. கிலோ விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் நமக்கு நஷ்டம்தான்.

காரைக்குடி சொல்லும் பாடம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளை வரிசையாகக் காணலாம். நகரத்தார் பெருமக்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வணிகம் செய்து கட்டிய வீடுகள் பங்கு பிரிந்தபோதும் இடிபட்டபோதும் வெளியே வந்த சாமான்கள் அவை. பர்மாத் தேக்குத் தூண், கதவு, ஜன்னல், ஸ்வீடன், ஜப்பான் நாட்டு எனாமல் தூக்குகள், பித்தளை அண்டா, பழைய கண்ணாடிப் படங்கள் என்று அத்தனையும் அங்கே கிடைக்கும். அந்தக் கடைக்காரர் எதையும் வெறும் எடைக்கு விற்பதில்லை. என்ன பொருள், எந்த வேலைக்கு இருந்தது, இனி எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று பார்த்து விலை சொல்கிறார். மூடி மட்டும் மிஞ்சிய தூக்கும் அவரிடம் சரக்குதான்.

சென்னையில் 1985இல் எரிந்து போகும்வரை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமும் பழைய சாமானும் மதிப்போடு விற்கப்பட்டன. ஆகவே இது வெளியூர்க்காரர் கற்றுக்கொடுத்த தொழில் அல்ல. பழையதைக் கண்டு பிடித்து, பழுது பார்த்து, வேறு உபயோகத்துக்கு மாற்றி விற்பது நம் ஊரிலும் நெடுநாளாக உள்ள வியாபாரம்தான். இப்போது அது சுவர் அலங்காரமாக வீடுகளிலும் கடைகளிலும் பரவியிருக்கிறது, அவ்வளவே.

காலண்டர் நமக்குக் கற்றுத் தந்தது

நம் தாய்மார்கள் இந்தக் கலையில் என்றைக்கோ தேறியவர்கள். ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, தெய்வப் படங்களைச் சாதாரண மக்களும் வாங்கும்படி அச்சிட்டு விற்றார். அந்தக் காகிதப் படங்களின் மேல் பெண்கள் ஜரிகையும் ஜிகினாவும் மணியும் வைத்துத் தைத்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள். எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் இருந்த அச்சுப்படம், அந்த வீட்டுக்கே உரிய படமாக ஆகிவிட்டது.

பிறகு நம்முடைய காலம் வந்தது. கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) போன்றவர்கள் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகப் பிறந்து, பலசரக்குக் கடை, ஜவுளிக் கடை வழியாக வீடுவீடாகப் போனார்கள். வருடம் முடிந்ததும் யாரும் அந்தப் படத்தைத் தூக்கி எறியவில்லை. தேதிக் கட்டைக் கிழித்துவிட்டு, அடியில் அச்சிட்ட நம் கடைப் பெயரையும் கத்தரித்துவிட்டு, படத்தைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டு போய்ச் சட்டம் போட்டுப் பூஜையறையில் மாட்டினார்கள். விளம்பரம் போய்விட்டதே என்று எந்த வணிகரும் வருந்தவில்லை. படம் யார் கடையில் கொடுத்தது என்பது அந்த வீட்டுக்குத் தெரியும். அந்த நினைவே விளம்பரம்.

வீணாகப் போகவிருந்த பொருளைச் சிறு வேலை செய்து சுவரில் ஏற்றி மதிப்புக் கூட்டுவதுதான் இதன் சாரம். மதிப்பு பொருளின் எடையில் இல்லை, அதற்குச் செய்யும் வேலையில் இருக்கிறது. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் என்பவர் உடைந்த வளையல், உடைந்த ஓடு, பீங்கான் துண்டுகளைக் கொண்டே ஒரு தோட்டத்தை உருவாக்கினார். 1976இல் திறக்கப்பட்ட அந்தத் தோட்டத்தைப் பார்க்க இன்றும் ஜனங்கள் நுழைவுச் சீட்டு வாங்கிப் போகிறார்கள். அங்கே உள்ள சரக்கை எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முழுசை உடைக்காதீர்கள்

இதில் ஒரு கட்டுப்பாடு அவசியம். நல்ல நிலையில் உள்ள பொருளை அலங்காரத்துக்காக வெட்டுவதும் துளைப்பதும் பாவம். உபயோகத்தில் இருக்கும் குத்துவிளக்கையும் ஓட்டை இல்லாத அண்டாவையும் விட்டுவிடுங்கள். உடைந்தது, ஜோடி பிரிந்தது, வேலைக்கு ஆகாதது இவற்றைத்தான் எடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் பலசரக்குக் கடைக்காரருக்குத் தான் வாய்ப்பு அதிகம். மூடி போன அஞ்சறைப்பெட்டி ஒன்று இருந்தால் போதும். அறைகளில் மிளகு, சீரகம், வெந்தயம், கடுகு, மல்லி நிரப்பி, மேலே கண்ணாடி போட்டு அடைத்து மாட்டினால் கடைக்கு அதைவிடப் பொருத்தமான படம் வேறு கிடையாது. ஆனால், வண்டு எப்படி வரும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சரக்கை நன்றாக வெயிலில் காய வைத்து நிரப்புங்கள். வருடம் ஒரு முறை மாற்றுங்கள். கம்பி அறுந்த சல்லடையின் வளையம், ஓரம் தேய்ந்த முறம், ஒரு தட்டு மட்டும் மிஞ்சிய தராசு, மில் முத்திரை அச்சிட்ட பழைய கோணிச் சாக்கு, பிஸ்கட் டின் மூடிகள், பெயின்ட் உரிந்த ஜன்னல் கதவு எல்லாமே சட்டத்துக்குள் அடங்கும்.

படி, மரக்கால் விஷயம் வேறு. கல்யாணத்தில் நிறைநாழி வைக்கும் மரபு நம்முடையது. படியைக் கால் படும் இடத்தில் வைக்கமாட்டோம். கவிழ்த்து வைப்பதையும் பெரியவர்கள் விரும்புவதில்லை. ஆணி அடித்துத் தொங்கவிடாமல், சுவரில் ஒரு சிறு பலகை அமைத்து நிமிர்த்தி வைத்து, ஒரு பிடி நெல் போட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு அட்டையில் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்றும், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை, ஒரு வீசை சுமார் 1.4 கிலோ என்றும் எழுதி வையுங்கள். ஊருக்கு ஊர் அளவு மாறும். உங்கள் ஊர்க் கணக்கை உள்ளூர்ப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. பழைய கணக்கு வாயால் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த அட்டையைப் படிக்கும் பள்ளிப் பிள்ளை நாளை நம் வாடிக்கையாளர்.

உடைந்த பொருள் கடையில் இருந்தால் தரித்திரம் என்று சிலர் தயங்குவார்கள். மூலையில் தூசி படிந்து கிடந்தால் அது உண்மைதான். துடைத்து, பழுது பார்த்து, கண்ணில் படும் இடத்தில் வைத்த பொருளில் தரித்திரம் ஏது?

செய்முறையில் கவனம்

முதலில் சுத்தம். பித்தளைக்குப் புளியும் உப்பும் போதும். கழுவி ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயரை அழுத்தித் தேய்த்து அழித்துவிடாதீர்கள். அதுதான் அதன் சான்றிதழ். இரும்பில் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, நிறமில்லாத வார்னிஷ் ஒரு கை பூசினால் நிற்கும். மரத்தைத் தட்டிப் பார்த்து மாவு கொட்டினால் கடைக்குள் கொண்டுவர வேண்டாம். உளுத்த மரத்தின் பூச்சி மற்ற மரச் சாமான்களுக்கும் பரவும்.

பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் எவ்வளவு ஈயம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரப்படுத்தித் தேய்ப்பதும், குழந்தைகளை அருகில் விடாமல் இருப்பதும் நல்லது. உரிந்துவரும் பெயின்ட்டும் துருப்பிடித்த இரும்பும் திறந்து வைத்த அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு மேலே தொங்கவே கூடாது. அலங்காரம் கல்லாவுக்குப் பின்னால் அல்லது வாசல் பக்கச் சுவரில் இருக்கட்டும்.

கனமான பொருளுக்கு ஒற்றை ஆணி ஆகாது. சுவரில் துளையிட்டு, பிளக் வைத்து, ஸ்குரூ முடுக்கி, இரண்டு இடத்தில் தாங்கும்படி மாட்டுங்கள். பூச்சில் மட்டும் பிடித்த ஆணி ஒரு நாள் வாடிக்கையாளர் தலையில்தான் முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, பழைய சாமான் வாங்கி அடுக்கலாம் என்று கடன் வாங்கக் கிளம்ப வேண்டாம். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். பழைய ஜன்னல் கதவு ஒன்று ரூ. 400, தச்சர் கூலி ரூ. 600, பாலிஷ் ரூ. 150, கண்ணாடியும் கொக்கியும் ரூ. 250, வண்டிக் கூலி ரூ. 100. ஆக அடக்கம் ரூ. 1,500. ரூ. 2,000க்கு உடனே விற்றால் ரூ. 500 லாபம். ஒரு வருடம் கழித்து விற்றால் மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் ரூ. 270 போய், நிற்பது ரூ. 230. அதே ரூ. 1,500ஐப் பருப்பில் போட்டு மாதம் ஒரு முறை புரட்டி, நூற்றுக்கு மூன்று ரூபாய் நின்றால் வருடத்துக்கு ரூ. 540. மெதுவாக நகரும் சரக்குக்கு இதுதான் கதி.

ஆகவே என் கருத்து இது. பலசரக்கு வணிகருக்கு இது முதல் வியாபாரம் ஆகாது. நம்முடைய சொந்தப் பொருளை நம்முடைய சொந்தச் சுவரில் ஏற்றுவதே முதல் படி. பெரிய நிறுவனங்கள் தங்கள் கடையைப் பழைய கடை போலக் காட்டப் பணம் கொடுத்துப் பழைய பொருள் வாங்குகின்றன. நமக்கு அந்தப் பழமை பரணிலேயே இருக்கிறது. தாத்தா பிடித்த தராசைக் காட்டி இத்தனை வருடமாக இதே தெருவில் நிற்கிறோம் என்று சொல்ல நம்மால் முடியும், அவர்களால் முடியாது. வீட்டில் கைவேலை தெரிந்தவர்கள் இருந்து, மிஞ்சிய பொருளும் இருந்தால், இரண்டொன்று செய்து கடையில் வைத்து விற்றுப் பாருங்கள். பாத்திரக் கடை, பரிசுப்பொருள் கடை வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

விற்கும்போது நேர்மை முக்கியம். புதிதாகச் செய்த பொருளைக் கறுக்கச் செய்து, நூறு வருடப் பழசு என்று விற்பதும் மிளகில் பப்பாளி விதை கலப்பதும் ஒன்றுதான். பழையதைப் பழையது என்றும், பழைய மாதிரியில் செய்ததை அப்படியே என்றும் சொல்லி விற்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. முதலாவது, 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம். தரப்படுத்தப்படாத எடையையும் அளவையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை மட்டுமல்ல, பயன்படுத்தும் பொருட்டு வைத்திருப்பதையும் அது தடுக்கிறது. எனவே பழைய தராசையும் படிக்கல்லையும் எடுத்து உபயோகிக்க முடியாதபடி சுவரோடு பொருத்தி, பார்வைக்கு மட்டும் என்று எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம். நூறு வருடமோ அதற்கு மேலோ ஆன சிற்பம், ஓவியம் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருள் ஆகலாம். மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 வருடம். இவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கோவில் பொருள் என்று சந்தேகம் வந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கையால் தொடாதீர்கள்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. பழைய பொருளை வாங்கி அப்படியே, அல்லது தன்மை மாறாத சிறு வேலை மட்டும் செய்து விற்கும் பதிவு பெற்ற வணிகர், கொள்முதலில் உள்ளீட்டு வரி எடுக்காத பட்சத்தில், கொள்விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கணக்கிட 32(5)ஆம் விதி வழி செய்கிறது. பொருளின் தன்மையே மாறிவிட்டால் இந்த வழி பொருந்தாமல் போகலாம். ஆடிட்டரைக் கேட்ட பிறகு பில் போடுங்கள்.

பற்று ஏட்டை மாட்டாதீர்கள்

சட்டத்தில் இல்லாத ஒரு விஷயமும் உண்டு. பழைய கணக்கு நோட்டுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டுவது இப்போது அழகாகக் கருதப்படுகிறது. பேரேட்டின் மேலட்டையை மாட்டலாம். பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி, லாபம் என்று எழுதித் தொடங்கிய முதல் பக்கத்தை மாட்டலாம். 786 என்று எழுதித் தொடங்கிய பக்கத்தையும் மாட்டலாம். ஆனால், பற்று எழுதிய பக்கம் வேண்டாம். இன்னார் இத்தனை படி அரிசிக்கு இத்தனை அணா பாக்கி என்று அதில் இருக்கும். அந்த இன்னாரின் பேரன் இன்று நம் கடைக்கு வந்து போகிறவராக இருக்கலாம். பாத்திரத்தில் வெட்டிய பெயர் ஒரு குடும்பத்தின் பெருமை. பற்று ஏட்டில் எழுதிய பெயர் அந்தக் குடும்பத்தின் கஷ்டம். வாடிக்கையாளரின் கஷ்டத்தை வெளியே சொல்லாதது நம் தொழிலின் தர்மம். அதைச் சுவர் அலங்காரத்துக்காக விட்டுவிடக் கூடாது.

சங்கங்கள் முன்வர வேண்டும்

ஒவ்வொரு ஊர் வணிகர் சங்கக் கட்டடத்திலும் ஒரு சுவரை இதற்கென ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கடையில் உபயோகம் இல்லாமல் கிடக்கும் ஒரு பொருளைக் கொடுக்கட்டும். கடைப் பெயர், தொடங்கிய வருடம், அந்தப் பொருள் செய்த வேலை ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதி ஒட்டட்டும். செலவு என்று பார்த்தால் தச்சர் கூலியும் ஒரு டப்பா வார்னிஷும்தான். ஐந்து வருடம் கழித்து அந்தச் சுவர், அந்த ஊர்க் கடைத்தெருவின் வரலாறாக நிற்கும்.

அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறுங்கள். இருப்பதை எல்லாம் இறக்கி, சரக்கு இருப்பு எடுப்பதுபோல் ஒரு பட்டியல் எழுதுங்கள். எடைக்குப் போக வேண்டியது எது, எண்ணி வைக்க வேண்டியது எது என்று இரண்டாகப் பிரியுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருக்கும்போது காயலான் கடை வண்டி வாசலுக்கு வரட்டும், பயமில்லை.